ஹெர்னியா என்று சொல்லியிருக்கிறோம்

பதினோரு வருடமாக நான் ஓட்டும் மினிபஸ்ஸில்
இன்று பயணி இருக்கையில் வருகிறேன்,
திபிலிசியிலிருந்து குட்டாயிசிக்கு.
ஸ்டீயரிங்கில் மைத்துனன் உஷாங்கி.
பள்ளத்துக்குப் பள்ளம்
கண்ணாடியில் என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிறான்.
அவனிடம் ஹெர்னியா என்று சொல்லியிருக்கிறோம்.
மடியில், ஐஸுக்குப் பதில்,
உறைந்த ஹின்காலி ஒரு பொட்டலம்.
ரிகோதி மலை ஏறுவதற்குள்
மாவு இளகி
மிளகும் இறைச்சியும் மணக்கின்றன.

பதினைந்து வயதில், கரண்ட் இல்லாத ஒரு குளிர்காலம்,
பொன்னுக்கு வீங்கி.
கன்னம் வடிந்தது; வீக்கம் கீழே இறங்கியது.
இருட்டில் யாருக்கும் தெரியவில்லை,
நானும் சொல்லவில்லை.
இருபத்துநான்கு வருடம் கழித்து
ஒரு காகிதத்தில் பூஜ்யம் என்று வந்தது,
பக்கத்தில் ஊதா முத்திரை.

அதன்பிறகும் விருந்துகள் இருந்தன.
தமதா எழுந்து "குழந்தைகளுக்கு!" என்பார்.
நின்றுகொண்டே குடிப்பேன், கடைசிச் சொட்டு வரை.
எத்தேரி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருப்பாள்,
யார் தட்டிலும் வைக்காமல்.

நேற்று விதையைக் கீறித் திறந்தார்கள்,
விதை தேட.
நான் மயக்கத்தில். எத்தேரி சொல்லித்தான் தெரியும்.
நுண்ணோக்கியின் கீழ் நூல்நூலாய்ப் பிரித்தார்களாம்.
ஒட்டிய நூல் வெறும் நூல்.
சற்றே பருத்து வெளுத்ததில் இருக்கலாம்.
இருக்கலாம்: அந்த மாடியில் எல்லோரும்
அந்த ஒரு சொல்லைத்தான் பேசினார்கள்.
பக்கத்து அறையில் மாக்வாலா என்றொரு பெண்
துளித்துளியாய்ப் பார்த்தாளாம், நான்கு மணி நேரம்,
பதர், பதர், பதர்,
மதியம் சாப்பிடாமல்.
அவள் முகத்தை நான் பார்த்ததில்லை.
என்னை இவ்வளவு நேரம் யாரும் உற்றுப் பார்த்ததுமில்லை.

சுரங்கப்பாதை முடிகிற இடத்தில் எத்தேரியின் போன் அடிக்கிறது.
"ம்" என்கிறாள். "ம்."
பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை.
என் காதருகே குனிந்து:
ஏழு.
ஆறு அசையவில்லை. ஒன்று வாலை ஆட்டியது.
உறைய வைத்துவிட்டார்கள்.

எங்கள் தொழிலில்
பதினெட்டு இருக்கையும் நிரம்பாமல் வண்டி எடுப்பதில்லை.
மழையில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு
இன்னும் இருவர், இன்னும் ஒருவர் என்று நிற்போம்,
உள்ளே இருப்பவர்கள் திட்டத் திட்ட.

"எடு" என்கிறேன் உஷாங்கியிடம்.
வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.
திரும்பிப் பார்க்கிறான்: "வலிக்குதா?"

எத்தேரி என் மடிப் பொட்டலத்தைத் தொட்டு அமுக்கிப் பார்க்கிறாள்.
"இதை இன்னைக்கு ராத்திரியே வேகவச்சிடணும்" என்கிறாள்,
"இளகினதை மறுபடி உறைய வைக்கக் கூடாது."