மூச்சு விடாதே

பாதிரியாரிடம் மூச்சு விடாதே என்றான் இந்த்ரிகிஸ்.
சேசிஸ் தேவாலயத்தில்
ஆர்கனுக்குத் துருத்தி மிதிப்பவனுக்கே
இழுப்பு இருக்கிறதென்று தெரிந்தால்
அடுத்த ஞாயிறு அந்தப் பலகையில்
வேறொருவன் கால்.

நான் விடவில்லை.
அவனால் விட முடியவில்லை.
உள்ளே போன காற்று
வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி
வெளியேற மறுக்கிறது.
ஒவ்வொரு மூச்சையும்
கழுத்து நரம்பு புடைக்கத் தள்ளித்தான் அனுப்புகிறான்.

மருந்துக்கடை வோல்ட்மார் தருவது
ஊமத்தை இலைச் சுருட்டு. பெட்டி நாற்பது கோபெக்.
இரண்டு இழுத்தால் இழுப்பு தணியும்.
நாலாவதில் சுவர்க்கடிகாரத்தோடு பேசுவான்.
ஒருமுறை அதனிடம்
முட்டைக்கோஸ் என்ன விலை என்று கேட்டு
பதிலுக்குக் காத்திருந்தான்.

வெடியுப்பில் தோய்த்துக் காயவைத்த காகிதத்தை
தட்டில் கொளுத்தினால் அந்தப் புகை
புதன்கிழமை ரொட்டியிலும் மணக்கும்.
பால் விடாத காப்பி, தார் போல.
ஜன்னலைத் திற என்பான். மூடு என்பான்.

ரீகாவிலிருந்து வந்த டாக்டர்
பீப்பாயைத் தட்டுவதுபோல் மார்பைத் தட்டி
நரம்புக் கோளாறு என்றார்.
பிறகு என் பக்கம் திரும்பி
வீட்டில் சத்தம் போடுவீர்களோ என்றார்.
மூன்று ரூபிள்.
அன்றைக்குத்தான் போட்டேன்.
நடுத்தெருவில்.

கல்யாணத்துக்கு முன்னால்
மூச்சுக்கு முந்நூறு தடவை என் பெயரைச் சொன்னவன்.
இப்போது அந்த ஒரு பெயருக்கே
மூன்று மூச்சு வேண்டும்:
கர். லீ. னே.
அவசரமென்றால் கர் மட்டும்.
நாய் உறுமுவதாக நினைப்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

ராத்திரி முழுக்க அவன் நெஞ்சுக்குள்
யாரோ கதவிடுக்கில் மாட்டிக்கொண்டு விசிலடிப்பார்கள்.
மாவு மில்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பவள்
சக்கரச் சத்தத்தில் தூங்குவதுபோல்
அதில்தான் தூங்கப் பழகினேன்.

மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்துதான் கிடப்பான்.
என் அம்மா வீட்டுச் சீர்.
ஒவ்வொன்றிலும் ஏழு வாத்தின் இறகு.
போதவில்லையோ, இன்னொன்று தைக்கலாமா என்று
இலையுதிர்காலம் முழுக்க யோசித்தேன்.

ஜனவரியில் தங்கை ஏடேக்குப் பிரசவம்.
தலையணைகள் மூன்றும் வண்டியேறின.
மடித்த மேஜைவிரிப்பு ஒன்றைத்
தலைக்கு வைத்துக்கொண்டான். முனகவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி
சத்தம் நின்றது.

வாரிச் சுருட்டி எழுந்தேன்.
விளக்கைத் தேடவில்லை, மூக்கைத் தேடினேன்.
விரலில் சூடு பட்டது.
வாயை மூடி, மல்லாந்து,
கை இரண்டும் விரித்து,
யார் வீட்டு ஆண்பிள்ளையோ போல் தூங்கிக்கொண்டிருந்தான்.
ஒன்பது வருடத்தில் பார்த்திராத தூக்கம்.
வெளியே பனி கொட்டியது.
பனிதான் காற்றைக் கழுவியிருக்கிறது என்று
பனிக்கு நன்றி சொன்னேன்.
அந்த அமைதியில் எனக்குத்தான் பொட்டுத் தூக்கமில்லை.

அந்த ஞாயிறு
ஏழு சரண தோத்திரப் பாட்டுக்கும்
ஆர்கன் எங்கும் தொய்யவில்லை.
பாதிரியார் திரும்பிக்கூடப் பார்த்தார்.

நேற்று தலையணைகள் திரும்பி வந்தன.
அடுப்போரம் சூடுகாட்டி
நன்றாகத் தட்டிப் பொங்கவைத்தேன்.
விளக்கு வெளிச்சத்தில் இறகுத்தூள்
இன்னொரு பனிபோல் இறங்கியது.
பாவம், இத்தனை நாள் வெறுந்தலையோடு படுத்தவன்.
ஒவ்வொன்றாய் அவன் தலைக்கடியில் செருகினேன்.

கர்லீனே என்றான்.
முழுதாக, ஒரே மூச்சில்.

இன்னும் கொஞ்சம் உயர்த்தி வைத்தேன்.