மூன்று வோல்ட்

பாட்டகோனியாவில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
செப்டம்பர் பிறந்தால் எனக்கும் கிடையாது.
ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கூட்டத்துக்கு
நான் சமையல்காரி.
பதினான்கு பேர் வந்து இறங்குமுன்
அடுப்பு மூண்டிருக்க வேண்டும்,
ஆகவே இரவில்தான் பயணம்:
கைமானிலிருந்து லாஸ் ப்ளூமாஸ் பக்கம்,
அறுபத்தெட்டாம் வருடத்து ஃபால்கன்,
டிக்கியில் நான்கு மூட்டை மாவு,
முன்னால் இரண்டு விளக்குகள்.
விளக்குகள் என்று பதிவுப் புத்தகம் சொல்கிறது.

இருட்டுக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்தாற்போல்
மஞ்சளாய், மங்கலாய்,
தமக்குத் தாமே வழி விசாரித்துக்கொண்டு போகும்.
ஒட்டகக் கழுத்துடன் ஒரு குவானாக்கோ குறுக்கே வந்தால்
அதன் மூச்சு கண்ணாடியில் படிந்த பிறகுதான்
குவானாக்கோ என்று தெரியும்.
ஒன்பது வருடம் இப்படி.
பாதையைப் பார்த்து நான் ஓட்டவில்லை,
மனப்பாடமாய் ஒப்பித்தேன்.

ட்ரெலியூ கடைக்காரன் நூறு வாட் பல்பு விற்றான்.
"சூரியனம்மா இது" என்றான்.
அன்றிரவு சூரியன் உதிக்கவில்லை.
ரப்பர் கருகும் வாசனைதான் உதித்தது.

கடைசியில் எர்மிந்தா பியூவின் பட்டறைக்குப் போனேன்.
பேச்சை எடைபோட்டுக் கொடுப்பவள்.
பல்பை அவள் பார்க்கவே இல்லை.
மீட்டரின் இரண்டு முள்ளையும்
பேட்டரியில் வைத்தாள்: பன்னிரண்டரை.
விளக்கின் முதுகில் வைத்தாள்: ஒன்பதரை.
நடுவில் மூன்று வோல்ட் காணோம்.
என்னை ஏறிட்டுப் பார்த்தாள்,
நான்தான் மடியில் முடிந்து வைத்திருப்பதுபோல.

கம்பியைத் தடவித் தடவிப் போனாள்,
காலால் மிதிக்கும் டிம்மர் வழியே,
டாஷ்போர்டில் இழுக்கும் குமிழ் வரை.
"தொடு."

தொட வேண்டியதில்லை.
அந்தக் குமிழை எனக்குத் தெரியும்.
ஹீட்டர் செத்த காரில், உறைபனி இரவுகளில்
இடக்கை விரல்களை அதன்மேல்தான் வைத்திருப்பேன்.
இளஞ்சூடு. அடைகாக்கும் கோழியின் வயிறு.
இந்தக் கார் எனக்குச் செய்யும்
ஒரே உபசாரம் என்று நினைத்திருந்தேன்.

"உன் வெளிச்சம்
இங்கேயே இறங்கிவிடுகிறது" என்றாள்.
அன்று மாலை அவள் செலவழித்த
மிக நீளமான வாக்கியம்.

உடைந்த டிராக்டரிலிருந்து உரித்த தடித்த கம்பி,
தீப்பெட்டி அளவில் இரண்டு ரிலே, ஒரு ஃபியூஸ்.
பேட்டரியிலிருந்து விளக்குக்கு இனி நேர்வழி.
குமிழ் உத்தரவு மட்டும் போடும்,
சுமை தூக்காது.
எர்த் கம்பியின் துருவைச் சுரண்டி
இரும்பு பல்லைக் காட்டும்வரை தேய்த்து
அங்கே திருகினாள்.

பிறகு சுவர்.
மாவு மில்லின் சுவரிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி நிறுத்தி
"மூட்டைகளை ஏற்று" என்றாள்.
வயிறு நிறைந்தால் மூக்கைத் தூக்கும் வண்டி இது.
சுண்ணக்கட்டியால் ஒரு கோடு.
இடது விளக்கு இத்தனை காலமும்
ஆந்தைகளுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்திருக்கிறது.
கால் சுற்று. இன்னும் கால் சுற்று.
மில் நாய் வந்து ஒளியின் நடுவில் உட்கார்ந்தது,
சுவரில் யானை உயரத்துக்கு நாய்,
விரட்டியும் எழவில்லை.
நாயைச் சேர்த்தே அளந்தோம்.

வெள்ளைக் கோடு என்று ஒன்று
சாலையில் இருந்திருக்கிறது.
வெறும் வெளி என்று நான் கடந்த இடத்தில்
ஒரு கதவு, அதில் ஒரு குடும்பத்தின் பெயர்.
தாகத்தில் செத்த ஒருத்திக்காக
யார் யாரோ வைத்துப்போன தண்ணீர்ப் புட்டிகள்,
நூறு இருக்கும்,
ஒவ்வொன்றிலும் என் விளக்கு.
முந்நூறு மீட்டருக்கு முன்பே
ஒரு குவானாக்கோ தலை திருப்பி
யார் நீ என்பதுபோல் நின்று, நகர்ந்தது.
எதிரே வந்த லாரிக்காரன்
விளக்கை அடித்து அடித்துத் திட்டினான்.
டிம்மரை மிதித்தேன்.
இந்தச் சாலையில் என்னை இதுவரை
யாரும் திட்டியதில்லை,
நான் வருவதே தெரியாதே.

பழக்கத்தில் இடக்கை குமிழுக்குப் போயிற்று.
சில்லென்று இருந்தது.
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்,
சூடேறுமோ என்று.
பிறகு கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டேன்.
அடுப்புக்கு இன்னும்
எழுபது கிலோமீட்டர்.