நாலாவது ஸ்நேர்

டிலுக்சன் கட்டாருக்குப் போனபோது
ட்ரம் செட்டை விற்றுத்தான் ரிக்கெற் எடுத்தான்.
குச்சிகள் இரண்டும் என்னிடம்.
ஒன்றை யன்னலுக்கு முட்டுக்கொடுத்திருக்கிறேன்.

ஆகவே, இரவு பன்னிரண்டுக்குப் பிறகு,
டேட்டா மலிவாகிற நேரத்தில்,
எங்கோ எவரோ அடித்துவைத்த அடிகளை
இறக்கிக்கொண்டிருக்கிறேன்.
பதினொரு ஜிபி.
டைக் வீதியில் கடற்காற்று
சிக்னலையும் சேர்த்துத் துருப்பிடிக்க வைக்கும்.
அறுபத்திரண்டு வீதத்தில் நின்று
மறுபடி ஒன்றிலிருந்து.

முதலாவது லைப்ரரி
நோர்வேயில் ஏதோ தேவாலயத்தில் பதிந்ததாம்.
ஓரடி விழுந்து ஓய மூன்று செக்கன்.
மெற்றலிடம் ஏது மூன்று செக்கன்?
அதற்குள் எங்கள் பாட்டில்
நாற்பது கிக் விழுந்துவிடும்,
ஒன்றின் வாலை மற்றது மிதித்துக்கொண்டு.

இரண்டாவது, ஏற்கனவே சமைத்தது.
அமுக்கி, வெட்டி, மினுக்கி.
மெல்லத் தொட்டாலும் அதே முகம்
ஓங்கிப் போட்டாலும் அதே முகம்,
வங்கிக் கவுண்டரில் இருப்பவரைப் போல.

மூன்றாவதில் ஒரு மனிதன் இருக்கிறான்.
ஸ்நேரின் கீழ்க்கம்பி நடுங்குகிறது.
இருக்கை கிரீச்சிடுகிறது.
பெரிய டொமை அடிப்பதற்கு முன்
அவன் மூச்சிழுப்பதும் பதிவாகியிருக்கிறது.
எனக்குப் பிடித்துப்போயிற்று.
அஃப்கருக்கு இல்லை:
"கிண்ணியாவில இருந்து பஸ் ஏறி வாறது
இன்னொருத்தன்ட மூச்சைக் கேக்குறதுக்கா?"

நாலாவது நல்லது.
சும்மா நல்லதல்ல.
அவன் போன பிறகு தனியே ஸ்பீக்கரில் போட்டேன்.
வறண்ட அடி. உடனே,
பின்சுவரில் பட்டுத் திரும்பும் தட்டையான எதிரடி.
கீழே வீதியில்
தேர்தல் சுவரொட்டி தின்றுகொண்டிருந்த மான்கள் மூன்றும்
தலை தூக்கின.
இன்னும் கொஞ்சம் பலமாக. இன்னும்.
நூற்றிருபத்தேழு வரை படியேறலாம்.
ஒவ்வோர் அடியாக, இடைவெளி விட்டு விட்டு,
விடியப்புறம் இரண்டேகாலுக்கு.

கதவு தட்டுப்பட்டது.
பக்கத்து வீட்டு மெற்றில்டா அக்கா.
ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி.
ஏச்சு வாங்க ஆயத்தமாய் நின்றேன்.
"மற்றதுகளைப் போடுங்கோ.
அதெல்லாம் ஆரோ கதவு சாத்திற மாதிரித்தான்.
கடைசியாப் போட்டது மட்டும் வேண்டாம்."
ஏன் என்று அவ சொல்லவில்லை.
நானும் இந்த ஊரில்தான் பிறந்தேன்,
கேட்கவில்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு யோசித்தேன்.
எங்களுக்கு நடுவே இருப்பது ஒற்றைக்கல் சுவர்.
சிம்பலையும் கம்பியின் நடுக்கத்தையும்
அது குடித்திருக்கும்.
அந்தப் பக்கம் போனது அடியின் உடம்பு மட்டும்.
தேடினேன். இருநூறு ஹேர்ட்ஸுக்குக் கிட்ட
சின்னதாய் ஒரு வீக்கம்.
ஆறு டெசிபெல் வெட்டினேன்.
ஸ்நேர் போய் பிஸ்கட் தகரம் ஆயிற்று.
திருப்பி வைத்தேன். அழகு.
வெட்டினேன்.
திருப்பி வைத்தேன்.
வள்ளங்கள் கரைக்கு வரும்வரை
ஒருத்தியின் நித்திரையை
இந்தக் குமிழில் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மூன்றாவதைத்தான் வாங்கினோம்,
மூச்சோடு சேர்த்து.
பாட்டு முழுக்க அதுதான்,
ஒரேயோர் அடியைத் தவிர.
எந்த இடம் என்று அஃப்கருக்கும் சொல்லவில்லை.

கட்டாருக்கு அனுப்பி இரண்டு நாள்.
காம்பின் சாப்பாட்டு மண்டபத்து இரைச்சலுக்குள்ளிருந்து
குரல் பதிவொன்று வந்தது:
"எல்லாம் ஒண்டு மாதிரித்தான் மச்சான் கேக்குது.
கிக்கைக் கொஞ்சம் ஏத்து.
அது கிடக்கட்டும், நாலாம் நிமிசத்தில
என்னடா அந்தச் சத்தம்?
சோத்துப் பிளேட்டோட
எழும்பி நிண்டிட்டன்."