பதினாலு நிமிஷ வெயில்

யார் வைத்த பெயரோ, படர்தாமரை.
ஒருநாளும் சொறிந்தே பார்க்காத ஒருவர்
வைத்திருக்க வேண்டும்.

இடுப்பில் முதலில் ஒரு ரூபாய் அளவு.
பிறகு ஊத்தப்பம்.
பிறகு தொடைக்குள் இறங்கி வரப்பு கட்டிக்கொண்டது,
ஓரம் சிவந்து, நடு வெளுத்து,
பட்டா வாங்கிய நிலம் மாதிரி.

பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டு எதிரே மெடிக்கலில்
மூன்று மருந்து கலந்த க்ரீம்.
நாலு நாள் அடங்கும். ஐந்தாம் நாள்
அடங்கியதற்கு வட்டி கேட்கும்.
பதினேழு ட்யூப்.
அடியிலிருந்து சுருட்டிப் பிதுக்கிய காலி ட்யூப்களைத்
தவமணி ஜன்னலில் வரிசையாக வைத்தாள்,
யாரிடமோ கணக்குக் காட்டப் போகிறவளாக.

பிறகு அவளுக்கும் வந்தது.
துண்டை இரண்டாக்கினோம், சோப்பை இரண்டாக்கினோம்,
பாயை இரண்டாக்கினோம்.
ராத்திரி இரண்டு சுவரோரமும் நகச் சத்தம்.
யாருக்கு எந்த இடம் என்று
இருட்டிலேயே தெரியும் இருவருக்கும்.
கேட்டுக்கொள்வதில்லை.

எனக்கு டிரம்மில் வேலை.
ஆட்டுத்தோல் சுண்ணாம்பில் ஊறி, முடி உதிர்த்து,
குரோமியம் குடித்து
நீலமாக வழுக்கி விழும். வெட் ப்ளூ.
பூசணம் பிடிக்காமலிருக்க
அதற்கும் ஒரு மருந்து ஊற்றுவோம்.
செத்த தோலுக்கு மருந்து கேட்கிறது.

வேலூரில் டாக்டர் நிஸ்ஸி
பிளேடால் செதில் சுரண்டி எடுத்தார்.
மூன்று வாரம் கழித்துக் கண்ணாடித் தட்டைக் காட்டினார்:
இலவம்பஞ்சு போல, அழகாகவே இருந்தது.
என்னிடம் தின்றதைவிட அங்கே நன்றாகத் தின்றிருக்கிறது.
"மாத்திரைக்குப் பழகிடுச்சு" என்றார்,
கெட்டுப்போன பிள்ளையைப் பற்றிச் சொல்கிற குரலில்.

ஆராய்ச்சி என்றார்கள். ஆறு வாரம்.
கையெழுத்துப் போட்டேன்.
வாரத்துக்கு அரைநாள் கூலி போகும் என்று
அந்தத் தாளில் எங்கும் எழுதவில்லை.

திரைக்குப் பின்னால் இம்தியாஸ்
பஞ்சில் நீலம் தொட்டுத் தொடையில் பூசினான்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"கூசுதாண்ணே?"
"இல்லப்பா. இத்தன வருஷம் தோலுக்கு நீலம் ஏத்தினேன்.
இன்னிக்கி என் டர்ன்."

சாயம் மட்டும் என்றால் வெறும் சாயமாம்.
விளக்கு மட்டும் என்றால் வெறும் விளக்காம்.
இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால்
அங்கே இருக்கிற ஆக்சிஜனே
கத்தியை உருவிக்கொள்ளுமாம்.

"வெளிய நூத்தியெட்டு டிகிரி கொளுத்துது.
வேலூர்ல வெயிலுக்கா பஞ்சம்?
மொட்டமாடியில படுத்துக்கிட்டா ஆகாதா டாக்டர்?"
"இந்தக் கோலத்துலயா?" என்றார்.
பிறகு, சிரிக்காமல்:
"ஊர் வெயில்ல எல்லா நெறமும் கும்பலா வருது.
நமக்கு வேண்டியது ஒரே ஒரு சிவப்பு."
"இதுக்கும் பழகிடுமா?"
"கஷ்டம். பழகவே பழகாதுன்னு
சொல்ல மாட்டேன்."

பதினாலு நிமிஷம்.
லேசான சூடு, எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குத்தல்.
சூரியனைப் பார்த்துத் தாமரை மலரும் என்று
மூன்றாம் வகுப்பில் படித்தேன்.
இந்தத் தாமரை
வெளிச்சம் பட்டால் கருக வேண்டும்.
மேலே தீயணைப்புக் கருவியின் தேதி முடிந்திருந்தது.
அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நாலாவது வாரம் தொடை தெளிந்தது.
இடுப்பில் மட்டும் பழைய ஒரு ரூபாய்.
"வீட்டுக்காரம்மாவும் வரணும்,
இல்லைன்னா திரும்ப உங்ககிட்டயே வரும்."
பொம்பளை டெக்னீஷியன் வியாழக்கிழமைதான்.
ஷூ கம்பெனியில் வியாழன் லீவு கிடையாது.

அன்று ராத்திரி தவமணி செல்போன் டார்ச் அடித்து
என் தொடையைப் பார்த்தாள்.
விரலால் தொட்டாள். எத்தனை மாதம் கழித்து.
"இந்த நீலம் போயிடுமா?"
"ரெண்டு குளியல்ல போயிடும்."
"ம்."
டார்ச்சை அணைத்தாள்.
தன் சுவரோரம் போய்ப் படுத்தாள்.

ஒரு பக்கம் மட்டும் கேட்டது நகச் சத்தம்.
இந்தப் பக்கம் என் கை
என்ன செய்வதென்று தெரியாமல்
பாயின் மேல் கிடந்தது.