ஆறாவது கைப்பேசி

உலான்பாத்தரில் எதிர்ப்படும் வண்டிகள் பலவும்
ஜப்பானில் ஓடிக் களைத்தவை.
ஸ்டியரிங் வலப்பக்கம்,
சாலையிலும் வலப்பக்கமே ஓட்டம்.
முந்திப் போக வேண்டுமென்றால்
பக்கத்து இருக்கைக்காரர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.
பதினோரு வருடமாக
தெல்கருக்கு ஹாலியுன் சொல்லிவருகிறாள்:
இப்போ வேண்டாம்.
இப்போ வேண்டாம்.
இப்போ போ.

இந்த வண்டி போன மாதம் சந்தையில் வாங்கியது.
திரை பெரிது. பேசுவது ஜப்பானிய மொழி.
ஹாலியுன் கைப்பேசியில் ப்ளூடூத்தைத் திறந்தாள்,
வண்டியின் பெயர் வந்தது, தொட்டாள்,
சுற்றியது, சுற்றியது,
பிறகு வண்டி ஏதோ சொல்லி மறுத்தது,
பூட்டும் நேரத்தில் வந்தவரிடம்
கடைக்காரர் தலைகுனிந்து சொல்வாரே
அந்த மரியாதையோடு.

கைப்பேசியின் காமிராவைத் திரைக்கு நேரே பிடித்தாள்.
தன்னைச் சேர்க்க மாட்டேன் என்றதை
அதுவே மொழிபெயர்த்துக் கொடுத்தது:
ஐந்து பேருக்கே இடம். ஐந்தும் நிரம்பின.
ஒன்றை நீக்கவா?

அப்பா.
ஹருமி.
கடை.
அம்மா.
பழைய அம்மா.

"பழைய அம்மான்னா? செத்துப்போனவளா?"
"போனை மாத்தியிருப்பா, மண்டு."
இருந்தும் அதை நீக்கக் கை வரவில்லை.
யோசித்துக் கடையை எடுத்தார்கள்.
கடை எங்கேயாவது திறந்துகொள்ளும்.

இரண்டு திரையிலும் ஆறு எண்கள் வந்தன.
ஒன்றேதானா என்று வண்டி கேட்டது,
ஒன்றேதானா என்று கைப்பேசி கேட்டது.
ஆம் என்று அவள் தொட்டாள்,
ஆம் என்று அவன் தொட்டான்.
கல்யாணத்தைப் பதிந்த அலுவலகத்தில்கூட
யாரும் இத்தனை சரிபார்க்கவில்லை.

ஜனவரி. காலை ஆறு. மைனஸ் முப்பத்தி நாலு.
தெல்கர் கீழே வந்து என்ஜினைப் போட்டுவிட்டு
கைகளைத் தொடைக்கடியில் செருகி உட்கார்ந்திருந்தான்.
இரண்டாம் மாடிச் சமையலறையில்
அவள் காதோடு இருந்த கைப்பேசி
வண்டி விழித்ததைத் தெரிந்துகொண்டு
சுவரைக் கடந்து, உறைந்த சன்னலைக் கடந்து
யாரையும் கேட்காமல் வந்து சேர்ந்தது.

நான்கு கதவுகளிலிருந்தும் சரூலின் குரல்.
ஹாலியுனின் அக்கா, இஞ்சியோனில் மீன் ஆலையில் இருப்பவள்.
பாதி வாக்கியத்திலிருந்து:
"...மார்ச் நாலு. டிக்கெட் போட்டாச்சு.
மூணு வருஷம்தானே, கண்ணை மூடித் திறந்தா போயிடும்.
தெல்கர்கிட்ட சொல்லிட்டியா?"

காத்திருந்தாள் சரூல்.
மேலே, திடீரென்று ஊமையான கண்ணாடியிடம்
ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருப்பாள் தங்கை.
இங்கே கூரையில் பொட்டளவு மைக்
அவன் மூச்சைத் தவிர வேறொன்றும் கிடைக்காமல்
அதையே அனுப்பிக்கொண்டிருந்தது கடல் தாண்டி.

"ஏய், இருக்கியா? சொல்லிட்டியான்னு கேட்டேன்."

"இன்னும் சொல்லலை" என்றான் தெல்கர்.

உண்மைதானே.

அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உருண்டது.
பிறகு குரல் மாடிக்குத் திரும்பிவிட்டது.
திரையில் ஒரு வரி எரிந்து அணைந்தது,
அவனுக்குப் படிக்க வராத எழுத்தில்.

அவள் இறங்கி வந்தபோது
கையில் பிளாஸ்க், கழுத்தில் இரண்டு சுற்றுத் துணி.
"சூடாயிடுச்சா?"
"ஆயிடுச்சு."
இருவரும் வண்டியைப் பற்றித்தான் பேசினார்கள்.

பெரிய சாலையில் நிலக்கரி லாரி ஒன்று
புகையை இழுத்துக்கொண்டு ஊர்ந்தது.
அவன் இண்டிகேட்டரைப் போட்டான். அது டிக் டிக் என்றது.
அவள் சன்னலில் பனியைச் சுரண்டி எட்டிப் பார்த்தாள்.
எதிரே விளக்குகள், விளக்குகளுக்குப் பின்னே விளக்குகள்.

இப்போ வேண்டாம் என்றாள்.

வெகு தூரம் போன பிறகும்
வேறெதுவும் சொல்லவில்லை.
அவன் இண்டிகேட்டரை அணைக்கவில்லை.