செம்புத் தொட்டி

பஞ்சிகாவத்தையில் பவ்மி நானா
எதற்கும் கிலோவில்தான் விலை சொல்வார்.
"நாப்பத்தொரு கிலோ ஈக்கிது. ஒண்ட விடுங்க, நாப்பது.
நாளைக்கு வந்தா இது ஈக்காது, உருக்கப் போயிடும்."

நான் ஆசையைக் காட்டினால் விலை ஏறும்.
காட்டாவிட்டால் மெஷின் உலைக்குப் போகும்.
இரண்டுக்கும் நடுவே
கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நிற்கிறேன்.

பகலில் என் வேலை
இடிபட்ட கார்களுக்கு மதிப்புப் போடுவது.
பம்பர் இவ்வளவு, கதவு இவ்வளவு,
தேய்மானம் கழித்து மீதி இவ்வளவு.
பக்கத்தில் நின்று அழுகிறவரை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

அதே கண்ணோடுதான் இந்தப் பழைய
உருளை வைத்த சலவை மெஷின்களையும் பார்க்கிறேன்.
முதலில் ரப்பரை நகத்தால் அழுத்த வேண்டும்.
பள்ளம் விழுந்து மெல்ல மறைந்தால் உயிர் இருக்கிறது.
கண்ணாடிபோல் இறுகியிருந்தால் பாதி விலை போயிற்று.
இனாமல் தொட்டியை ஐந்து ரூபாய்க் குற்றியால் தட்டினால்
விரிசல் தானாகவே சொல்லிவிடும், டொக்கென்று.
நூற்றுப்பத்து வோல்ட் மோட்டர் என்றால்
ட்ரான்ஸ்போமருக்கும் சேர்த்துக் கழி.
கை அகப்பட்டால் உருளைகள் விலகிக்கொள்ள
மேலே ஒரு நெம்பு உண்டு.
அது இறுகிப்போயிருந்தால் எவ்வளவு கழிப்பதென்று
எனக்கு இன்னும் தெரியாது.
விற்கிறவரின் விரல்களைப் பார்க்கிறேன்.

வெள்ளவத்தையில், நான்காம் மாடி பல்கனியில்
ஐந்து நிற்கின்றன, கடற்காற்றுக்குச் சாக்குப் போர்த்தி.
எங்கள் உடுப்புகள் கீழே சலவைக் கடையில்.
அதுவும் கிலோக் கணக்கு.
மனைவி அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.
பில்லை மட்டும்
சாக்கின்மேல் குண்டூசியால் குத்திவைக்கிறாள்.

ஐந்தாவது, கொட்டாஞ்சேனை மெற்றில்டாவிடம் வாங்கியது.
பச்சைப் பெயின்ற் பூசிய தொட்டி.
அவர் தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரம்
சாவியால் அடியில் சுரண்டினேன்.
சிவந்தது. செம்பு.
எச்சில் தொட்டு, தூசி தடவி மூடினேன்.
தண்ணீரைக் குடித்தேன்.
"பழசுதானே, ஒன்பதாயிரம்" என்றேன்.

பிறகு டொலர் ஏறியது.
பால்மா ஏறியது, பெற்றோல் ஏறியது,
பல்கனியில் சும்மா நின்ற தொட்டியும்
ஒவ்வொரு இரவும் ஏறியது.
கரண்ட் இல்லாத இருட்டில் கணக்குப் போட்டேன்:
நியாய விலை எந்த நாளின் விலை?
வாங்கிய நாளா, டொலர் ஏறிய நாளா,
தூக்கம் வராத நாளா?

அறுபதாயிரத்தைக் கடித உறையில் வைத்துக்கொண்டு போனேன்.
மெற்றில்டா கிணற்றடியில், ஏதோ லொட்ஜின் படுக்கை விரிப்புகளைக்
கையால் துவைத்துக்கொண்டிருந்தார்.
உறையை நீட்டினேன்.
"கை ஈரம். இந்த மூலைய புடிங்க" என்றார்.

பிடித்தேன். அவர் வலப்பக்கம் முறுக்கினார்,
நானும் வலப்பக்கம்.
இடையில் துணி கயிறாகி, கயிறு பாம்பாகி,
தண்ணீர் சப்பாத்துக்குள் இறங்கியது.
என் முனைதான் முதலில் நழுவியது.

பாவாடையில் கையைத் துடைத்து எண்ணினார்.
இரண்டாம் தரமும் எண்ணினார்.
"அன்னைக்கு என் மகன்தானே ஓட்டோவுல ஏத்தினான்.
அதுக்கு ஆயிரத்தஞ்நூறு."

கொடுத்தேன்.

"நீங்க சொரண்டினத
கதவுக்குப் பின்னால நின்னு பாத்தேன்.
அன்னைக்கு மூத்தவனுக்குப் பரீட்சைக் காசு கட்டோணும்.
ஒம்பது தேவப்பட்டிச்சு. ஒம்பது கெடச்சிச்சு."
அடுத்த விரிப்பை வாளியிலிருந்து தூக்கினார்.
"இதையும் புடிங்க."

பதினொரு விரிப்புகள்.
நூறாம் இலக்க பஸ்ஸில் திரும்பும்போது
முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தேன்.
பக்கத்தில் இருந்தவர் தன் ஃபைலைத் தூக்கி
மறுபக்க மடிக்கு மாற்றிக்கொண்டார்.