பதினோரு வரி

செக்காலை ரோட்டில், மிக்ஸி விற்கும் கடைக்கு மேலே
எங்கள் ஆபீஸ். நான்கு நாற்காலி, இரண்டு ஆள்.
மூன்றாவதில் இருந்த வயிரவன்
ஆவணியில் பெங்களூர் போனான்.
நான்காவதில் இருந்த ஜெனிட்டா
அவனுக்கும் முன்பே கோவை.
காலி நாற்காலிகள் பேக் வைக்க உதவுகின்றன.

காலை ஏழுக்கே போன்.
"ஆள் இருக்கா மேடம்?"
திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரி, திருப்பூரில் பனியன் கம்பெனி,
எதை விற்கிறார் என்றே சொல்லாத துபாய்க்காரர்.
எல்லோருக்கும் ஓப்பன் சோர்ஸ் தெரிந்த ஆள் வேண்டும்,
லைசென்ஸ் காசு மிச்சமாம்.
மிச்சம் எந்தச் சட்டைப்பைக்குப் போகிறது என்று
நான் கேட்பதில்லை. எஸ்டிமேட் அனுப்புகிறேன்.

சுவரில் ஒரு வெள்ளை போர்டு.
முதலில் எழுதியது ஜூம்லா. அழித்து வேர்ட்பிரஸ்.
பாதி அழித்து ஆங்குலர், அதன் தலைமேல் ரியாக்ட்.
யாரோ வாங்கித் தந்த மார்க்கர் டஸ்டருக்கு அடங்காதது;
ஜூம்லாவின் 'ஜூ' மட்டும்
மூலையில் இன்னும் மங்கலாக மேய்கிறது.
போன வாரம் சீப்புச்சீடை மொத்த வியாபாரி வந்தார்.
"நம்ம சைட்டுல ஏ.ஐ. போட்டுருங்க."
எதுக்குண்ணே?
"அது தெரிஞ்சா நான் ஏன் ஒங்ககிட்ட வர்றேன்?"
அதையும் போர்டில் எழுதினேன், கேள்விக்குறியோடு.

புதன் இரவு பத்தரைக்கு
ஆத்தங்குடிக் கல் ஏற்றுமதி செய்யும் முத்துக்கருப்பன்:
"கமா எங்கம்மா போச்சு?"
பில்லில் 12,40,000 இருக்கவேண்டிய இடத்தில்
1,240,000.
பைசா குறையவில்லை.
"தொகை சரிதான். பாக்குறவன் நம்மள யாருன்னு நெனப்பான்?"
வட்டிக்கணக்கு போட்டுப் போட்டே பேர் வாங்கிய சீமை இது.
கமா தள்ளி விழுந்தால் வேட்டி நழுவிய மாதிரி.

ஆயிரம் தாண்டியதும் நம் எண் இரண்டிரண்டாக நடக்கும்.
புது வெர்ஷன் அதை மூன்று மூன்றாகத் தாண்டச் சொல்லிவிட்டது.
யாரோ ஓசியில் கொடுத்த நிரல்;
ஓசியை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது?
பழைய வெர்ஷனுக்கே திரும்பிடலாம் என்றான் அழகுபாண்டி.
திரும்பினால் கொல்லைக்கதவு ஒன்று திறந்துகிடக்கும்.

உள்ளே போனேன். எட்டாயிரம் வரி.
எழுதியவர்கள் பெயர் ஓரத்தில்:
ஒருவர் எஸ்தோனியா, ஒருவர் பெரு,
பெயரே இல்லாமல் ஒரு பூனைப்படம்.
இரவு ஒன்றரைக்கு, கொசுவர்த்தி கடைசிச் சுற்றில் இருக்கும்போது
பதினோரு வரி எழுதி முடித்தேன்.

முத்துக்கருப்பனுக்கு மட்டும் ஒட்டித் தந்திருக்கலாம்,
அவர் காசு அதற்குத்தான்.
பொதுவுக்கும் அனுப்பினேன்.
மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள்
மகமை எடுத்துவைப்பார்களே, அந்தக் கணக்கு எனலாம்.
உண்மை அதுவல்ல. அடுத்த வெர்ஷன் வரும்போது
இதே பதினோரு வரியை மறுபடி எழுதச் சோம்பல்.

பூனைப்படம் நாலு நாளில் ஏற்றுக்கொண்டது.
கூலி, ஒரு கட்டைவிரல்.

பத்து நாள் கழித்து வயிரவன்.
சொல்லாமல் போனவன். எனக்கும் கோபம் கொஞ்சம் பாக்கி.
"அக்கா, எங்க பேங்க் ஆப்புல கமா தானா சரியாயிருச்சு.
மூணு பேரு ரெண்டு வாரமா அதுலதான் கெடந்தோம்.
யாருன்னு பாத்தா ஒங்க பேரு."
"மூணு பேருக்கும் சம்பளம் உண்டுல்ல?"
"உண்டு."
அவன் சிரித்தான். எனக்குச் சற்று நேரமானது.

அன்று இருட்டுவதற்குள் ஐந்து மெயில்.
தங்கள் பங்களிப்பைக் கண்டோம், எங்கள் குழுவில் சேர விருப்பமா?
ஒன்றில் நான் திரு. சிட்டாள்.
ஆளை அனுப்ப முடியாது, வேலையை அனுப்புங்கள் என்றெழுதி
மணிக்கு இவ்வளவு என்று போட்டேன்.
ஒரு சைபர் கூட்டி,
வெட்கப்பட்டு அழித்து,
அழகுபாண்டி பார்க்கிறான் என்று தெரிந்ததும்
மறுபடி போட்டேன்.

இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள்.
மூன்றாவது நாற்காலியிலிருந்து பேக்கை இறக்கிவிட்டு
காலேஜ் ரோட்டு நம்பர் ஒன்றுக்குப் போன் போட்டேன்.
"ஆள் இருக்கா சார்?"